ரேஸ் விட எந்தச் சக்கரம் நல்லது? ஹாட் வீல்ஸ் வைத்து ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். வீட்டில் பிள்ளைகளோடு ஆரஞ்சு டிராக் போட்டு ஹாட் வீல்ஸ் கார்களை ரேஸ் விடுகிறீர்கள். ஒரு காரில் ஐந்து ஆரக்கால் சக்கரம், இன்னொன்றில் ஓட்டை போட்ட தட்டு மாதிரி சக்கரம், விலை கூடிய காரில் ரப்பர் டயர். இதில் எது வேகம், ரேஸுக்கென்றே வாங்கப் போனால் எந்தச் சக்கரத்தைப் பார்த்து எடுப்பது?

சுருக்கமாகக் கேட்டால், ரேஸுக்கு பிளாஸ்டிக் சக்கரம், அலமாரிக்கு ரப்பர். பிளாஸ்டிக்கில் எந்த டிசைன் என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கு நேரடியாக ஒரு பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஒரே டிசைன் சக்கரம் போட்ட, ஒரே மாடல், ஒரே நிறக் கார் இரண்டை அருகருகே விட்டாலே ஒன்று இரண்டு கார் நீளம் முந்தி வரும். டிசைனுக்கும் டிசைனுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, சக்கரம் கோர்த்திருக்கும் கம்பியான அச்சில், ஒரு அச்சுக்கும் இன்னொரு அச்சுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஏன் என்று பார்த்துவிட்டால் கடையில் எதைக் கவனிப்பது என்பது தானாகத் தெளிவாகும்.

இந்தக் கார்களுக்கு மோட்டார் இல்லை. ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விட்டால் அந்த ஒரு மீட்டர் இறக்கம்தான் டேங்கில் இருக்கும் மொத்தப் பெட்ரோல். உராய்வு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால் கீழே வரும்போது வேகம் விநாடிக்கு சுமார் 4.4 மீட்டர். சக்கரத்தின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் அது விநாடிக்கு 140 சுற்று, அதாவது நிமிடத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேல். சாதாரணப் பெட்ரோல் கார்களில் இன்ஜின் சுற்றைக் காட்டும் டேகோமீட்டரில் சிவப்புக் கோடு பெரும்பாலும் ஆறாயிரத்துச் சொச்சத்திலேயே வந்துவிடும். இங்கே அதைவிட வேகமாகச் சுற்றுவது பேரிங் இல்லாத, எண்ணெய் இல்லாத, ஒரு மெல்லிய எஃகுக் கம்பியில் தளர்வாகக் கோர்த்த பிளாஸ்டிக் துண்டு.

ஒரு காரைத் தலைகீழாகப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கம்பியின் இரண்டு முனைகளும் ஆணித்தலை மாதிரி அகலமாக்கப்பட்டிருக்கும், சக்கரம் கழன்று வராமல் அதுதான் பிடித்து நிற்கிறது. கம்பி அடிப்பாகத்துக்கும் பாடிக்கும் இடையில் ஒரு சின்ன இடுக்கில் கிடக்கிறது, அதுவும் கொஞ்சம் சுழலும். சக்கரத்தை விரலால் வெளிப்பக்கம் தள்ளினால் ஆணித்தலையில் முட்டும், உள்பக்கம் தள்ளினால் காரின் அடிப்பாகத்தில் உரசும். ஓடும்போது இந்த மூன்று இடத்திலும் உரசல் நடக்கிறது: கம்பியின் மேல், ஆணித்தலையில், அடிப்பாகத்தின் ஓரத்தில். ரிவெட் அடிக்கும்போது கம்பி ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும், சக்கரத் துளைக்குள் பிளாஸ்டிக் பிசிறு ஒட்டியிருந்தாலும் கதை முடிந்தது, வெளியே எவ்வளவு அழகான ஆரக்கால் இருந்தாலும் சரி.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம், பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. எஃகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உராய்வுக் கெழு 0.3 என்று வையுங்கள். அச்சு 1 மில்லிமீட்டர், சக்கரம் 10 மில்லிமீட்டர் என்றால் பத்தில் ஒன்று, ஆக கார் உணர்கிற இழுவை 0.03. அதாவது ஒவ்வொரு மீட்டர் ஓட்டத்துக்கும் 3 சென்டிமீட்டர் உயரத்தைத் தொலைக்கிறது. ஆறு மீட்டர் டிராக் என்றால் 18 சென்டிமீட்டர் போச்சு, ஒரு மீட்டரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. உரசலைப் பாதியாக்கினால் 9 சென்டிமீட்டர் மிச்சம், கடைசி வேகம் சுமார் 5 சதவீதம் கூடும். டிராக்கின் முடிவில் அது இரண்டு மூன்று கார் நீளம்.

சக்கரத்தின் எடை? அதுவும் உண்டு, ஆனால் சின்னது. சுழல்கிற பொருளைச் சுழற்றவும் சக்தி வேண்டும், அந்தச் சக்தி காரை முன்னே தள்ளாது. நான்கு பிளாஸ்டிக் சக்கரமும் சேர்ந்து 2 கிராம், கார் மொத்தம் 35 கிராம் என்றால் சுழற்சிக்குப் போவது 3 சதவீதத்துக்குப் பக்கம். சக்கரம் இரண்டு மடங்கு கனமானால் இன்னொரு 3 சதவீதம், வேகத்தில் ஒன்றரை சதவீதக் குறைவு. இதில் ஒரு வேடிக்கை, சக்கரத்தின் விட்டம் இந்தக் கணக்கில் வெட்டிக்கொண்டு போய்விடுகிறது. எடையும், அந்த எடை ஓரத்தில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதும்தான் நிற்கும். ஆகவே 'சின்னச் சக்கரம் சீக்கிரம் சுழலும், அதனால் வேகம்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அச்சுதான் முக்கியம் என்பது ஹாட் வீல்ஸ் செய்கிற மேட்டல் கம்பெனிக்கு ஆரம்பத்திலேயே தெரியும். 1968-ல் முதல் பதினாறு ஹாட் வீல்ஸ் வந்தபோது மற்ற பொம்மைக் கார்கள் எல்லாம் தடித்த அச்சில் தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தன. இவர்கள் மெல்லிய கம்பி அச்சைப் போட்டு, சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் டெல்ரின் என்கிற வழுக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன புஷ், அதாவது உறை வளையம், வைத்தார்கள். டயர் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்ததால் இவற்றுக்கு ரெட்லைன் என்று பெயர் வந்தது, 1977 வரை அந்தக் கோடு இருந்தது, டெல்ரின் புஷ் மட்டும் செலவு கருதி முன்கூட்டியே கழன்றுகொண்டது. சக்கரமே கூம்பு வடிவம், உள்ஓரத்தில் உள்ள மெல்லிய விளிம்பு மட்டும்தான் டிராக்கைத் தொடும். இங்கிலாந்தின் மேட்ச்பாக்ஸ் அதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு 1969-ல் சூப்பர்ஃபாஸ்ட் என்று மெல்லிய அச்சுக் கார்களைக் கொண்டுவந்தது. ஒரு சக்கரத்துக்காக ஒரு தொழிலே தன் அச்சுகளை மாற்றிக்கொண்டது என்றால் அது மிகையில்லை. (அந்த மேட்ச்பாக்ஸும் 1997-ல் மேட்டலிடமே வந்து சேர்ந்தது, அது வேறு கதை.)

சரி, இப்போது ரப்பர். ரியல் ரைடர்ஸ் என்ற பெயரில் ரப்பர் டயர் 1983-ல் வந்தது. இன்றைக்கு கார் கல்ச்சர், பூல்வார்ட் மாதிரி பிரீமியம் வரிசைகளில் எல்லாம் இதுதான். பார்க்க அவ்வளவு அழகு, நிஜக் காரின் சக்கரம் மாதிரியே இருக்கும், அதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ரேஸ் என்று வரும்போது மூன்று குறைகள். முதலாவது, ரப்பர் தரையில் அழுந்தி நிமிரும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த அழுந்தலில் கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போகும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் இது கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது, எடை: பிளாஸ்டிக் உள்வட்டம், அதன்மேல் ரப்பர் வளையம், அதுவும் எடை முழுக்க ஓரத்தில். மூன்றாவதுதான் பெரிய வில்லன். ஆரஞ்சு டிராக்குக்கு இரண்டு பக்கமும் சுவர் உண்டு, எந்தக் காரும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடாது, போகிற வழியில் இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலும் தட்டிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் சக்கரம் தட்டினால் வழுக்கி விலகும். ரப்பர் தட்டினால் பிடித்துக்கொள்ளும். வளைவுகளில் முழு நீளத்துக்கும் சுவரைத் தேய்த்துக்கொண்டே போகும்போது ரப்பர் டயர்க் காரின் வேகம் எப்படி இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் பிரீமியம் கார் ஒன்று உங்கள் வீட்டில் சாதாரணக் காரைத் தோற்கடித்திருந்தால் அதுவும் பொய்யில்லை. பிரீமியம் கார்களில் பாடியும் உலோகம், அடிப்பாகமும் உலோகம், எடை அதிகம். சாதாரண வரிசையில் பல கார்களுக்கு அடிப்பாகம் பிளாஸ்டிக். எடை கூடினால் அச்சின் உரசலும் அதே விகிதத்தில் கூடும், அதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. காற்றின் எதிர்ப்பு மட்டும் எடையோடு சேர்ந்து கூடாது, அப்புறம் சுழற்சிக்குப் போகிற பங்கும் கனமான காரில் சதவீதக் கணக்கில் குறைவு. சுவரில் தட்டினாலும் கனமான கார் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதனால் நீளமான நேர் டிராக்கில் கனம் ஜெயிக்கும், அந்தப் பெயரை ரப்பர் டயர் தட்டிக்கொண்டு போகும். அந்த வண்டியிலேயே பிளாஸ்டிக் சக்கரத்தை மாட்டி விட்டால் இன்னும் வேகமாகப் போகும், கார்களை மாற்றியமைத்து ரேஸ் விடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

சுவர் இல்லாத அகல டிராக்கில், மலைப்பாதை மாதிரி செய்து நான்கைந்து கார்களை ஒன்றாக அவிழ்த்துவிடுவார்களே, அங்கே நிலைமை கொஞ்சம் வேறு. வளைவில் பிளாஸ்டிக் பக்கவாட்டில் சறுக்கும், சறுக்கினால் வேகம் போகும், திரும்பியும் நிற்கும். ரப்பர் தடம் பிடித்து வரும். அங்கேயும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் முந்துகிறது என்றாலும், வளைவுகள் நெருக்கமாக இருந்தால் ரப்பருக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்பேன். ஒரு விஷயம்: சூப்பர் ட்ரெஷர் ஹண்ட் என்கிற, சேகரிப்பவர்கள் தேடி அலையும் அரிய கார் கையில் கிடைத்து, அதில் ரப்பர் டயர் இருக்கிறதே ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றினால், தயவுசெய்து அட்டையைக் கிழிக்கும் முன் இணையத்தில் அதன் விலையைப் பாருங்கள்.

பிளாஸ்டிக் டிசைன்களுக்கு வருவோம். இதை நீட்ட வேண்டிய அவசியமில்லை. சேகரிப்பவர்கள் சொல்கிற பெயர்களில் 5எஸ்பி என்பது பழைய ஐந்து ஆரக்கால், ஓஹெச்5 என்பது ஐந்து ஓட்டை, பிஆர்5 இன்னொரு வகை ஐந்து ஆரக்கால், 10எஸ்பி பத்து ஆரக்கால், இன்னும் எத்தனையோ. ரேஸ் விடுகிறவர்கள் நடுவில் ஓஹெச்5-க்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்கு ஒரு காரணம் 2005-ல் வந்த ஃபாஸ்டர் தேன் எவர் வரிசை. வெண்கல நிற ஓஹெச்5 சக்கரம், நிக்கல் முலாம் பூசிய அச்சு. அந்தக் கார்கள் உண்மையிலேயே வேகம், ஆனால் கவனியுங்கள், வேகத்தைக் கொடுத்தது ஓட்டை எத்தனை என்பதில் இல்லை, வழவழப்பான முலாம் பூசிய கம்பியில் இருந்தது. ஐந்து ஓட்டைக்கும் பத்து ஆரக்காலுக்கும் காற்றில் என்ன வித்தியாசம் என்று சிலர் வாதாடுவார்கள். விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில், ஒரு சென்டிமீட்டர் சக்கரத்தில், அதைப் பற்றிப் பேசுவதே நேரவிரயம்.

டிசைனில் பார்க்க வேண்டிய இடம் முகம் இல்லை, தரையில் படுகிற பட்டை. சக்கரத்தை வார்த்த அச்சில் (மோல்டில்) இருந்து பிரித்தெடுத்த கோடு சில சக்கரங்களில் பட்டையின் குறுக்கே மெல்லிய மேடாக நிற்கும், நகத்தால் தடவினால் தெரியும். கார் உருளும்போது விடாமல் கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அதுதான். அகலமான பட்டையைவிட ஓரத்தில் மட்டும் படுகிற பட்டை நல்லது. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது என்று வருகிற கார்களில் சின்ன சக்கரம்தான் முதலில் உங்களைக் கைவிடும், ஏனென்றால் சக்கரம் சிறுத்தால் அச்சுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் மோசமாகும், மேலே போட்ட கணக்கில் 10-க்குப் பதில் 8 போட்டுப் பாருங்கள். டிராக் இணைப்புகளிலும் சின்ன சக்கரம் இடறும். அதற்காக லாரி, ஜீப் மாதிரி வருகிற பெரிய ஆஃப்ரோடு சக்கரங்களுக்கு ஓடாதீர்கள். நேர் டிராக்கில் நன்றாகவே உருளும், ஆனால் வண்டி உயரமாகிவிடும், வளைவிலோ லூப்பிலோ வெளியே பாயும். தாழ்வான உடம்பு, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான நான்கு ஒரே அளவு சக்கரம், இதுதான் என் தேர்வு.

மற்ற கம்பெனிகள் பற்றி ஒரு வரி. மேஜரெட்டிலும் டோமிகாவிலும் பல மாடல்களுக்குச் சஸ்பென்ஷன் உண்டு, விரலால் அழுத்தினால் துள்ளும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ரேஸில் ஒவ்வொரு டிராக் இணைப்பிலும் அந்தத் துள்ளல் கொஞ்சம் சக்தியைத் தின்னும். மேட்ச்பாக்ஸின் இப்போதைய பிளாஸ்டிக் சக்கரங்கள் குறை சொல்ல முடியாது. இணையத்தில் தனியாக விற்கிற ரப்பர் வளையம் போட்ட கஸ்டம் சக்கரங்கள் அழகுக்காகவே செய்தவை, ரேஸுக்கு வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் கார்களில் எது நல்லது என்று அறிய டிராக்கூட தேவையில்லை. ஒரு கண்ணாடித் துண்டு போதும், போட்டோ ஃபிரேம் கண்ணாடி, இல்லாவிட்டால் வழவழப்பான அலமாரிப் பலகை. மேஜைமேல் சமமாக வைத்து, காரை ஒரு முனையில் நிறுத்தி, அந்த முனையை மெல்ல உயர்த்துங்கள், விரலால் லேசாகத் தட்டிவிட்டுக்கொண்டே. தட்டியதும் நின்றுவிடாமல் அதே வேகத்தில் உருண்டுகொண்டே போகிற உயரம் எது என்று ஸ்கேலில் அளந்து பாருங்கள். 50 சென்டிமீட்டர் நீளக் கண்ணாடியில் முனை 1.5 சென்டிமீட்டர் உயர்ந்தபோது அப்படி ஓடினால் 1.5-ஐ 50-ஆல் வகுங்கள், 0.03. மேலே கணக்கில் வந்த அதே எண், இப்போது உங்கள் காருக்கே அளந்து எடுத்தது. 1 சென்டிமீட்டரிலேயே ஓடுகிற கார் கிடைத்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், அதன் சக்கரம் எந்த டிசைனாக இருந்தாலும். அதே கண்ணாடியில் கார் நேராக வருகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒதுங்குகிற கார் டிராக்கில் ஒரே சுவரைத் தேய்த்துக்கொண்டே போகப் போகிறது.

இரண்டு சக்கர வகையை ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால், ஒரே மாடல் வெவ்வேறு சக்கரத்தோடு வெவ்வேறு ஆண்டு வெளியீடாக வந்திருக்கும், அப்படி இரண்டைப் பிடியுங்கள். எடை குறைந்ததன் அடியில் களிமண் ஒட்டி இரண்டையும் சமமாக்குங்கள், சமையலறைத் தராசு கிராம் காட்டினால் போதும். லேன் மாற்றி மாற்றி விடுங்கள், ஏனென்றால் ஒரு லேன் எப்போதும் இன்னொன்றைவிட வேகமாக இருக்கும், அதைச் சக்கரத்தின் புகழாக எழுதிவிடக் கூடாது. ஒரே ஒரு ஜோடியை வைத்து முடிவு கட்டாதீர்கள், அந்த ஜோடியில் ஒன்றின் அச்சு வளைந்திருக்கலாம்.

அச்சை நன்றாக்க என்ன செய்யலாம்? முதலில் சுத்தம். வீட்டுத் தரையில் ஓடிய கார் என்றால் அச்சில் தலைமுடி சுற்றியிருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஊசியால் எடுங்கள், பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். அப்புறம் கிராஃபைட் தூள். பூட்டுக்குப் போடுகிற அதே தூள்தான், ஒரு சிட்டிகை அச்சில் தூவி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மிச்சத்தை ஊதித் தள்ளுங்கள். வெளியில் வைத்துச் செய்யுங்கள், தரையில் கொட்டினால் கறுப்பு போகாது. தையல் மெஷின் எண்ணெய் முதல் சில ஓட்டங்களுக்கு அபாரமாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகும், சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கையே கெடுக்கும். அமெரிக்கச் சாரணர்கள் 1953-லிருந்து மரத்துண்டுகளில் சக்கரம் மாட்டி விடுகிற பைன்வுட் டெர்பியிலும் இதே கிராஃபைட்தான் ஓடுகிறது. வளைந்த கம்பியை நேராக்கவோ சக்கரத்தை மாற்றவோ வேண்டுமென்றால் பாடியையும் அடிப்பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற, அடியில் உள்ள ரிவெட்டைத் துளை போட்டு எடுக்க வேண்டும். அது பெரியவர்கள் வேலை, அப்புறம் அந்தக் காரை 'மாற்றாத கார்' பிரிவில் சேர்க்கவும் மாட்டார்கள், போட்டிக்குப் போவதாக இருந்தால் தூள் உட்பட எதற்கு அனுமதி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் அட்டைக்குள் இருக்கும் காரை உருட்ட முடியாது, ஆனாலும் கொஞ்சம் பார்க்கலாம். பிளிஸ்டர் என்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி வழியாக நான்கு சக்கரமும் நேராக நிற்கிறதா, ஒன்று மட்டும் சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அட்டையைத் திருப்பி லேசாக ஆட்டினால் சக்கரங்கள் அச்சில் கொஞ்சம் ஆட வேண்டும், இறுகி நிற்கிற சக்கரத்தை விட்டுவிடுங்கள். அடிப்பாகம் தெரிந்தால் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். ஒரே மாடல் கொக்கியில் நாலைந்து தொங்கினால் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பட்ஜெட் இருந்தால் ஒரு பிரீமியம் காரின் விலைக்குக் கிடைக்கிற சாதாரணக் கார்களை வாங்கி, கண்ணாடியில் உருட்டி, முந்துகிற ஒன்றை ரேஸுக்கு வைத்துக்கொண்டு மற்றதை விளையாடக் கொடுத்துவிடுங்கள்.